வீடு வந்து சேராத பொம்மை

“அக்கா, இன்னைக்கு அந்தப் பையன் வீட்டுக்கு வந்து சேர வேணாம். ப்ளீஸ்க்கா!”

திரைக்குப் பின்னால் வந்து கெஞ்சியவளுக்குப் பத்து வயது இருக்கும். அப்பா பொம்மையின் பஞ்சுத் தாடியைச் சரிசெய்துகொண்டிருந்த பொம்மைக்கா சிரித்துவிட்டாள்.

“நாலு வாரமா அவனோட மாரடிக்கிறேன். கடைசி நாள்ல வீட்டுக்கு வராம வேற எங்கடி போவான்?”

அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே இருந்த சிமெண்டுத் தரையில், சனிக்கிழமை சாயங்காலம் கிறிஸ்தவ சபை வாலிபர்கள் வேனில் வந்து பொம்மலாட்டம் நடத்துவார்கள். பார்க்க வரும் பிள்ளைகளின் வீடுகளில் பத்துப் பன்னிரண்டு பாஷை. வீட்டை விட்டுப் போன மகன் பட்டுத் திருந்தி அப்பாவைத் தேடி வருகிற கதையை, வாரம் ஒரு பகுதியாக நடத்திக்கொண்டிருந்தார்கள். இன்று கடைசிப் பகுதி.

“பலூன் குடுத்தா கூட்டம் வரும். யாராவது ஒருத்தர் மனசு மாறியிருக்காங்களா?” என்று சபை மூப்பர் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்று நேரிலேயே வந்து முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் காட்ட பொம்மைக்காவிடம் இருந்தது ஒரே ஒரு ஆள், இந்தச் சிறுமியின் அம்மா.

அந்த அம்மாவுக்கு இங்கத்திய பாஷை வராது. ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ, மகள்தான் கேட்டுச் சொல்வாள். இங்கேயும் அப்படித்தான், பொம்மை பேசப் பேச மகள் காதோடு காதாகச் சொல்வாள்.

ஆனால் போன வாரம் ‘நான் எங்க வீட்டுக்குப் போறேன்’ என்று மகன் பொம்மை சொன்னபோது, மகள் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. பரிசுத்த ஆவியானவருக்குப் பாஷை எதற்கு என்று பொம்மைக்கா பூரித்துப்போனாள். அன்று வீட்டுக்குப் போய் முழங்கால் வலிக்கும்வரை ஸ்தோத்திரம் பண்ணினாள்.

“சரி, அவன் ஏன் வரக் கூடாது? அதைச் சொல்லு.”

சிறுமி திரைத்துணியின் ஓரத்தைப் பிடித்து முறுக்கினாள். “நான் அம்மாகிட்ட உங்க கதையச் சொல்லலக்கா. எங்கண்ணனப் பத்திச் சொல்லிட்டேன்.”

ஊரை விட்டு இவர்கள் தப்பி வந்தபோது வழியில் பிரிந்துபோன அண்ணன். காணாமல் போனவர்களைத் தேடித் தரும் ஆபீசுக்கு அம்மாவும் மகளும் நடையாய் நடந்திருக்கிறார்கள். போன மாதம் பதில் வந்தது.

“அண்ணன் செத்துட்டான், அம்மாகிட்ட சொல்லும்மான்னு அந்த சார் எங்கிட்ட சொன்னாரு. எனக்குச் சொல்ல வாய் வரலக்கா. தேடிக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லிட்டேன்.”

அந்தச் சமயத்தில்தான் பொம்மலாட்டம் ஆரம்பித்தது. இந்தச் சபைக்காரர்களுக்கு எல்லா ஊரிலும் ஆள் உண்டு, பொம்மைகள் சொல்வது அண்ணனைப் பற்றிய சேதி என்று அம்மாவிடம் அளந்துவிட்டிருக்கிறாள். முதல் வாரம் அண்ணன் உயிரோடு இருந்தான். இரண்டாவது வாரம் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. போன வாரம் கிளம்பியே விட்டான்.

“இன்னைக்குப் பையன் வந்துட்டா, எம் புள்ள எங்கேன்னு அம்மா கேப்பாங்களேக்கா!”

பொம்மைக்கா தான் பண்ணிய ஸ்தோத்திரத்தை நினைத்துக் கூசிப்போனாள். வெளியே பிள்ளைகள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சிறுமி ஓடிப்போய் அம்மாவின் மடியில் ஒண்டிக்கொண்டாள்.

திரை விலகியது. அப்பா பொம்மை வாசலில் வந்து நின்று, நெற்றியில் கை வைத்துத் தெருவைப் பார்த்தது. பொம்மைக்காவின் இடது கையில் மகன் பொம்மை தயாராக இருந்தது. அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கினால் போதும், கதை முடிந்துவிடும்.

அவள் தூக்கவில்லை.

“இன்னும் காணோமே! வழியில மழையா இருக்கும். பரவாயில்ல, மெதுவாவே வரட்டும். நான் இங்கேயேதான் நிப்பேன்” என்றது அப்பா பொம்மை. அதோடு திரையை மூடிவிட்டாள்.

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். மூப்பர் எழுந்து உள்ளே வந்தார்.

“கடைசியில பையனையே காணோமே, இது என்னம்மா ஊழியம்? அடுத்த வாரம் இங்க வேன் வராது.”

 அவர் போனதும், பொம்மைக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

மகளை பிஸ்கட் வரிசையில் நிறுத்திவிட்டு, அந்த அம்மா தனியாகத் திரைக்குப் பின்னால் வந்தாள். மகன் பொம்மையைக் கையில் எடுத்து, கலைந்திருந்த அதன் நூல்முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு இங்கத்திய பாஷையிலேயே, தயங்கித் தயங்கி, ஆனால் ஒரு வார்த்தை பிசகாமல் பேசினாள்.

“சலவைக் கடையில ரெண்டு வருஷமா வேலை பாக்குறேன்மா, உங்க பேச்சு தானா வந்துடுச்சு. எல்லாத்தையும் எனக்குச் சொல்றதுல அவளுக்கு ஒரு பெருமை, அதான் காட்டிக்கல. அந்த ஆபீஸ்ல அவர் சொன்னப்ப நானும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்.”

பொம்மைக்காவின் கையிலிருந்த அப்பா பொம்மை நழுவி விழுந்தது. “தெரிஞ்சேவா வாராவாரம் வந்தீங்க?”

“எம் புள்ள நடந்து வர்றத, அவ வாயால கேக்கணும்போல இருந்துச்சு.”

மகன் பொம்மையை ஒருமுறை நெஞ்சோடு அணைத்துவிட்டுப் பெட்டியில் படுக்க வைத்தாள். வெளியே மகள் பிஸ்கட்டோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். அந்த அம்மா அவசர அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா.”