பத்துக்கு எத்தனை?

"வலி இருக்கறது இடுப்புல மேடம். மனசைப் பார்க்கற உங்ககிட்ட எதுக்கு அனுப்பினாங்கன்னுதான் புரியல" என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார் கணவர்.

மனநல ஆலோசகர் சிரித்தார். "வலி பொய்னு சொல்றதுக்கு இல்ல சார். மருந்தால முழுசா போகாத வலியோட எப்படி வாழறதுன்னு பேசறதுக்குத்தான்."

இந்த ஒரு மணி நேரத்துக்காகக் கணவனும் மனைவியும் மூன்று மாதம் காத்திருந்தார்கள். அதற்கு முன் பார்த்த ஐந்து மருத்துவர்களும் எலும்பில் ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இங்கேயும் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை என்றால் இனிப் போக்கிடம் கிடையாது. இதுவும் வீணாகிவிடுமோ என்று மனைவிக்குப் பயமாக இருந்தது.

கணவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த இடுப்புத் தலையணையை நாற்காலியில் வைத்து வாகாகச் சாய்ந்துகொண்டார். மனைவி சன்னலோரம் நின்றாள்.

"நீங்களும் உக்காருங்கம்மா."

"பரவாயில்ல மேடம், நிக்கறேன்."

"அவ அப்படித்தான். ஒரு இடத்துல உக்கார மாட்டா" என்றபடி கணவர் கோப்பைப் பிரித்தார். அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளோடு குப்பை கொட்டியவர், வலியை மட்டும் விட்டுவைப்பாரா? எக்ஸ்ரே ஒரு பக்கம், மருந்துச் சீட்டு ஒரு பக்கம், நடுவில் தேதிவாரியாக வலிப் பட்டியல்.

"சொல்லுங்க, வலி எப்படி இருக்கும்?"

"இடுப்புல சுருக்குன்னு ஆரம்பிக்கும். தொடை வழியா கணுக்கால் வரைக்கும் இறங்கும். ஒரு வாளி தண்ணி தூக்கினா அன்னிக்குப் பொழுதே போச்சு. ஆறு வருஷமா எங்க வீட்ல இதே பாடுதான்."

பாடம் ஒப்பிப்பதுபோல் தடங்கலில்லாமல் வந்தது.

"கோபம் வருமா?"

"வராம? போன வாரம்கூட ஒரு டம்ளர் பறந்துச்சு. நல்ல வேளை, சுவத்துல பட்டுச்சு."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னிக்கு வலி எவ்வளவு? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

"ஆறு" என்றார் கணவர்.

"ஒம்பது" என்றாள் மனைவி, சன்னலைப் பார்த்தபடி.

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவளுக்கு எதையும் பெருசு பண்ணித்தான் பழக்கம். நீங்க ஆறுன்னே போட்டுக்குங்க மேடம். தினமும் இந்தப் பட்டியலை எழுதறது நான்தானே!"

ஆலோசகர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

"சரி, வலி அதிகமாகறப்போ மனசுல என்ன ஓடும்?"

கணவர் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். அதற்கான தாள் அதில் இல்லை.

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு. நான்தான் சொல்லிட்டிருக்கேன்ல?" என்று அடக்கிவிட்டு, "அப்படியெல்லாம் ஒண்ணும் ஓடாது மேடம்" என்றார்.

ஆலோசகர் மேசை மேலிருந்த, இவர்களை அனுப்பிவைத்த மருத்துவரின் சீட்டை எடுத்து இன்னொரு முறை படித்தார்.

"இதுக்கு மேல நான் தனியாத்தான் பேசணும். ஒருத்தர் மட்டும் இருங்க, இன்னொருத்தர் கொஞ்சம் வெளிய இருக்கட்டும்."

"அதான் சரி. இவ இருந்தா குறுக்க குறுக்க பேசுவா" என்று கணவர் தலையணையில் இன்னும் நன்றாகச் சாய்ந்தார்.

மனைவி பழக்கதோஷத்தில் கைப்பையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெல்லக் கதவை நோக்கி நடந்தாள்.

"நீங்க எங்கம்மா கிளம்பிட்டீங்க? வலி உங்களுக்குத்தானே!" என்றார் ஆலோசகர். "சார், அந்தத் தலையணையை அவங்களுக்கு வெச்சுட்டு, நீங்க வெளிய இருங்க."