சுத்தமான ரூம்

“ஈப்போவுல தங்கச்சி வீடு இருக்கறப்ப ஹோட்டல்ல போயி தங்குவீங்களா அண்ணே?”

தினேஸ்வரி கைப்பேசியில் கொதித்தாள். ஜொகூரில் இருக்கும் அண்ணன் பவித்ரன், குடும்பத்தோடு கப்பல் பயணம் போய்ப் பினாங்கில் இறங்கி, இரண்டு நாள் ஈப்போவில் தங்கப்போவதாக அப்போதுதான் சொல்லியிருந்தான்.

“உனக்கு ஆபீஸ் வேல இருக்கும், எதுக்குத் தொந்தரவுன்னுதான்லா.”

“தொந்தரவா? சுங்காயில இருக்கற மாமாவுக்குத் தெரிஞ்சா என்னையத்தானே காறித் துப்புவாரு?”

“ஸ்டேசன் பக்கத்துல இருக்கற ஹோட்டல்மா. ரூம் அவ்வளவு சுத்தம்னு எல்லாரும் எழுதியிருக்காங்க. ஒங்க அண்ணிக்குச் சுத்தம் முக்கியம், தெரியும்ல.”

“அப்ப என் வீடு குப்பையா? ஹால்ல தோத்தோ மெத்தைய விரிச்சா பிள்ளைங்க தூங்காதா? இப்பவே கேன்சல் பண்ணுங்க. இல்லன்னா இனிமே என் வாசப்படிய மிதிக்காதீங்க.”

பவித்ரன் இறங்கி வந்தான்.

“சரிலா, கோவப்படாத. வீட்டுக்கே வாரோம்.”

கைப்பேசியை ஏப்ரன் பைக்குள் போட்டபோதுதான் தினேஸ்வரிக்கு மூச்சு வந்தது. ஆபீஸில் கிளார்க் வேலை என்று ஆறு வருடமாக அண்ணனிடம் சொல்லி வருகிறாள்.

அண்ணன் சொன்ன அதே ஹோட்டலின் எட்டாவது மாடி. அவ்வளவு சுத்தம் என்று எல்லாரும் எழுதிய அறைகளில் இன்னும் ஐந்து பாக்கி இருந்தன. விரிப்புகள் அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த கதவைத் தட்டினாள்.

“ஹவுஸ்கீப்பிங்.”