கண் இருந்த பக்கம்

அந்தப் பெண் இன்றும் வந்து விமலநாதனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதிக்குள் இருக்கும் சூஷி உணவகம் அது. விமலநாதன் அங்கே மீன் வெட்டுகிறவன்.

ஐந்தாவது புதன்கிழமை. ஒவ்வொரு முறையும் ஹிராமே மீன் மட்டும்தான் கேட்பாள். பாதியைச் சாப்பிடாமல் விட்டுவிடுவாள். அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

உணவுப் பரிசோதனைக்காரியாக இருக்க வேண்டும் என்று அவனுக்குச் சந்தேகம்.

காரணம் இருந்தது. மெனுவில் ஹிராமே என்று போட்டிருந்தாலும் பலகைக்கு வருவது கரேய். இரண்டும் தட்டை மீன்தான்; கரேய் மலிவு. துண்டாக்கிவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கேட்டால் ஹிராமே என்றே சொல்லும்படி முதலாளியின் உத்தரவு.

"அண்ணை, வெட்டாத மீன் ஒண்டு ஒருக்காக் காட்டுங்கோ."

நாலு வாரமும் பிரெஞ்சில் பேசியவள் இன்று தமிழில் கேட்டாள்.

முதலாளி குளிரறைக்குள் நின்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கண்களுக்கு முன்னால் இன்னொரு பொய் சொல்ல அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. பின்னாலிருந்த ஐஸ் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துவந்து வைத்தான்.

அவள் கருத்த பக்கம் மேலே வரத் திருப்பினாள். வயிற்றைத் தன் பக்கமாக வைத்தாள். தலையும் இரண்டு கண்களும் வலப்புறம் இருந்தன. ஹிராமே என்றால் இடப்புறம் இருந்திருக்கும்.

"கரேய்," என்றாள்.

"ஓம்," என்றான். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான். "எந்த ஒபிஸில இருந்து வாறீங்கள்?"

அவள் கைப்பையைத் திறந்தாள். அடையாள அட்டை வரும் என்று காத்திருந்தான். வந்தது கைக்குட்டை.

"ஒபிஸ் இல்லை. உங்களுக்கு முதல் இந்த இடத்தில நிண்டவர் என்ர மனுசன்."

அந்தக் கதை விமலநாதனுக்குத் தெரியும். நல்ல மீனைக் களவெடுத்துவிட்டு மலிவு மீனை வைத்தான் என்று முதலாளி விரட்டிய ஆள்.

"முதலாளிதான் மீனை மாத்தினவர் எண்டு அவர் எத்தினை தரம் சொன்னவர். நான் நம்பேல்லை. வீட்டை விட்டுப் போகச் சொல்லிப்போட்டன்." அவள் மீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பிள்ளையளுக்கும் அப்பா கள்ளன் எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறன்."

குளிரறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

விமலநாதன் இரண்டு கைகளாலும் மீனைத் தூக்கித் தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான்.

"படம் எடுங்கோ தங்கச்சி. என்ர முகமும் விழட்டும்."