சூப்பர்வைசருக்கு ஒரு மூட்டை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. திருவொற்றியூரில் நாய், பூனைகளுக்கான பொருள்கள் விற்கும் கடையில் வேலை செய்யும் கீர்த்தி சொன்னது. அவள் சொன்னதில் நான் எதையும் கூட்டவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை. கடை திறந்ததும் குமாரவேல் வந்தார். விசைப்படகில் வேலை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரையில் இருந்தார். அவர் பின்னாலேயே ஒரு பழுப்பு நிற நாட்டு நாய் நுழைந்து, மின்விசிறிக்கு நேர் கீழே படுத்துக்கொண்டது.

“நாய்க்கு மூட்டை தூக்குற பை கீதாம்மா?”

“என்னதுண்ணா?”

“முதுகுல மாட்டுனா ரெண்டு பக்கமும் பை தொங்குமே, போன்ல பாத்தேன். சனிக்கெழம எங்க போட்டு ஆளுங்க எட்டு பேரும் மலை ஏறப் போறோம். இதுவும் வருது.”

“ஓ, ஹார்னஸா? இது பேரு என்ன?”

“சூப்பர்வைசர். நாங்க வலை தைக்கிறத உக்காந்து பாத்துகினே இருக்கும். ஒரு வேலையும் செய்யாது.”

கீர்த்தி சிரித்துக்கொண்டே சின்னதாக ஒன்றை எடுத்துக் காட்டினாள். “இதுல ஒரு தண்ணி பாட்டிலும் கொஞ்சம் பிஸ்கட்டும் வைக்கலாம்.”

“இத்துனூண்டா? தூரத்துலேந்து பாத்தாலே மூட்டைன்னு தெரியணும்மா. பெர்சா காட்டு.”

சிரிப்பு நின்றது. “பெரிசு தீந்துபோச்சுண்ணா.”

அவர் விரலை நீட்டினார். அவள் தலைக்கு மேலேயே மூன்று தொங்கிக்கொண்டிருந்தன.

வேறு வழியில்லாமல் டேப்பை எடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்தாள். இருபத்தாறு அங்குலம். அந்த மூன்றில் நடுத்தர அளவை மாட்டி, பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். அக்குளில் உரசாமல் பட்டையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள். அதற்குள் குமாரவேல் கிளிப்பின் மேல் ஒரு கயிற்றைப் போட்டு முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

“கிளிப்பே போதும்ணா.”

“கிளிப்ப நம்பி கடலுக்குப் போவ முடியுமா?”

சூப்பர்வைசர் பொம்மை மாதிரி அசையாமல் நின்றது. பிறகு நண்டு போலப் பக்கவாட்டில் நாலு அடி வைத்தது. அடுக்கி வைத்திருந்த சோற்றுத் தட்டுகள் கடகடவென்று உருண்டன.

லவ் பேர்ட்ஸுக்குத் தினை வாங்க வந்திருந்த லியோனார்ட் கைதட்டினான். அவனும் அதே படகில் வேலை செய்பவன்.

“இன்னா மாமு, ஹார்பர்ல வேலை வாங்கிக் குடுத்துட்டியா?”

“நீ ஒன் குருவியப் பாருடா.”

கீர்த்தி நாயை எடை போட்டுவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னாள். “பதினெட்டு கிலோ நாய். ரெண்டு பையும் சேர்த்து ஒன்றரை கிலோவுக்கு மேல வைக்கக் கூடாது.”

“அதெல்லாம் முடியாது. ரெண்டு பையும் பொடச்சிகினு நிக்கணும்.”

“வாயில்லா ஜீவன்ணா! வீட்டுலயே விட்டுட்டுப் போங்களேன்.”

“அப்டி வுட முடியாது.”

“அப்போ அது மூட்டையையும் நீங்களே தூக்குங்க.”

“எங்க போட்ட ஓட்டுற டிரைவர் பொன்ராஜு கண்டிசனா சொல்லிட்டாரும்மா. மூட்டை தூக்காதவனுக்கு மலையில சோறு கெடையாது. ஆளாயிருந்தா இன்னா, நாயாயிருந்தா இன்னா?”

லியோனார்ட் தலையாட்டினான். “எங்க போட்டு சட்டம் அது.”

மனசே இல்லாமல்தான் விற்றாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். “திங்கக்கிழமை இதை இங்க கூட்டிட்டு வரணும். முதுகைப் பாக்கணும். ஒரு சின்னக் காயம் இருந்தாலும் சும்மா விட மாட்டேன்.”

மூன்று நாள் அவளுக்கு அதே நினைப்பு. அந்த நாய்க்கு முதுகு ஒடிந்தால் பாதிப் பாவம் தனக்குத்தானே?

திங்கட்கிழமை குமாரவேல் சொன்னபடி வந்தார். கீர்த்தி ஓடிப்போய் நாயின் முதுகைத் தடவினாள், அக்குளை விரித்துப் பார்த்தாள். ஒரு சிராய்ப்புகூட இல்லை. எடை போட்டால், அரை கிலோ ஏறியிருந்தது!

“மூட்டை தூக்கினா வெயிட் ஏறுமாண்ணா?”

குமாரவேல் வாசலை எட்டிப் பார்த்தார். தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்றதும் பையின் ஜிப்பைத் திறந்து கவிழ்த்தார். மேசை மேல் நாலைந்து பொரி உதிர்ந்தது.

“பொரியா?”

“ரெண்டு பை நெறைய வெறும் பொரிம்மா. கால் கிலோகூட இருக்காது.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே? நான் உங்களை மனசுக்குள்ள எவ்ளோ திட்டினேன் தெரியுமா?”

“லியோனார்டு நின்னுகினு இருந்தானே. அவன் காதுல வுழுந்தா, டிரைவர் காதுல வுழுந்த மாதிரி. அந்த ஆளு, சொந்த மச்சானே வேலைக்கு வராம பங்கு கேட்டாலும் குடுக்க மாட்டாரு. இத்த வுட்டுட்டுப் போனா ரெண்டு நாளு தெருவைப் பாத்துகினு குந்தியிருக்கும். இட்டுனு போனா அங்க பட்டினி. நான் இன்னா பண்றது? வழி பூரா பையாண்ட ஒருத்தனையும் வுடலயே!”

“சாப்பாடு கிடைச்சுதா?”

“கெடைச்சுதாவா! கறியக் கொதிக்க வெச்சி ஒம்போது பங்கு போட்டாரும்மா. பொன்ராஜே இதுக்கு முன்னால தட்ட வெச்சி, ‘மூட்டை தூக்குன ஆளு, நல்லா துன்றா’ன்னாரு. பாவம், நல்லா ஏமாந்துட்டாரு!”

கீர்த்தி இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டாள். பொன்ராஜ் நிஜமாகவே ஏமாந்தாரா என்பதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் அவர் வழக்கமாகக் கறி வாங்கும் கமால் பாய் கடைக்குப் போய் விசாரித்தேன். பாய் சிரித்துக்கொண்டே தன் போனை எடுத்து, பொன்ராஜ் அனுப்பியிருந்த குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். தேதியைப் பார்த்தேன். புதன்கிழமை. குமாரவேல் பை வாங்கியதற்கு முந்தின நாள்.

“பாய், சனிக்கெழம காலீல ஒம்போது பேருக்குக் கறி வேணும். எட்டு பேருக்கு மசாலா தடவிடு. ஒருத்தனுக்கு மட்டும் எலும்பில்லாம, வெறும் கறியா தனியாக் கட்டு. அவன் காரம் துன்ன மாட்டான்.”