ஒரு கோடு வெளிச்சம்

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் தலைமையாசிரியை கணவரின் பையைத் துழாவினாள். காப்பியடிக்கும் பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடித்தே பேர் வாங்கியவள் இப்போது குளியலறைக் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அவள் தேடியது பணத்தை அல்ல, ஃபிலிம் கேமராவை. அதன் தலையில், ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில், பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு லைட் மீட்டர் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடலாம் என்று அதுதான் சொல்லும்.

போன வருஷம் தூசி தட்டும்போது கை பட்டு அதன் சக்கரம் ஒரு கோடு நகர்ந்துவிட்டது. அந்த முறை படம் லேசாக வெளுத்து வந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை, கழுத்தில் சுருக்கம் இல்லை. பத்து வயது குறைந்துவிட்டதாகப் பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். படமெடுக்கும் முன் சக்கரத்தைத் திருப்பிவிடும் இந்தத் திருட்டுப் பழக்கம் அன்று பிடித்தது.

கொஞ்சம் வெளுப்பாக எடுக்கச் சொல்லி மனிதரிடம் கேட்டால் ஒப்புக்கொள்ளவே மாட்டார். படம் என்றால் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர்.

இன்றைய படமோ, அவள் ஓய்வு பெற்ற பிறகும் பள்ளி வராந்தாவில் தொங்கப்போவது. ஆசை மிஞ்சிப்போய் இரண்டு கோடு திருப்பிவிட்டாள். மீட்டர் ஒரு விளக்கைக்கூட மினுக்கவில்லை. காட்டிக்கொடுக்கத் தெரியாத நல்ல பிள்ளை.

கணவர் வந்து அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார். மீட்டரை ஒப்புக்கு ஒரு பார்வை, அவளை நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு லென்ஸைத் திருகினார்.

"ஹெச்செம் அம்மா, ஃபிலிம்ல இதுதான் கடைசி. ஆடாம உக்காரு."

கடைசியா! வெளுப்பு அதிகமாகி, சட்டத்துக்குள் வெறும் மூக்குக்கண்ணாடி மட்டும் தொங்கினால்?

"நில்லுங்க! அந்த மீட்டர நான்தான் திருப்பி வச்சேன்."

"தெரியுமே. எப்பவும் நீதான திருப்புற."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"திருப்பினா என்ன? அதுல பேட்டரி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. சும்மா அழகுக்கு மாட்டியிருக்கேன்."

அவள் திருதிருவென்று விழித்தாள். "அப்போ இத்தனை நாளா என் முகத்த வெளுக்க வச்சது யாரு?"

அவர் கேமராவைக் கண்ணில் வைத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நான்தான். கொஞ்சம் சிரி."