தலைவி முழுங்கிய சீட்டு

கையிலிருந்த சீட்டை ஜெயக்கொடி நாலாக மடித்தார். மாத்திரை போடுகிற மாதிரி வாயில் போட்டார். மேசையில் ஆறிக்கிடந்த டீயை எடுத்து ஒரே மடக்கு. முழுங்கியே விட்டார்!

தலைமையாசிரியர் அறையில் அவரைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள்.

"ஏனுங்க தலைவரம்மா, என்ன பண்ணிப்போட்டீங்க!" மயில்சாமிதான் முதலில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"முழுங்கிப்போட்டேனுங்க" என்றார் ஜெயக்கொடி, வாயைத் துடைத்துக்கொண்டு.

யாஸ்மின் எட்டிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கோவை கணபதியில் இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வியாழக்கிழமைதோறும் வந்து, மனநலம், போதைப் பழக்கம் பற்றிப் பத்தாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். வகுப்பு முடிந்ததும் ஒரு பெட்டியை வைப்பாள். பேர் போடாமல் எதை வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். "யார் எழுதினதுன்னு தேட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஆறு வாரமாக வந்ததெல்லாம் கிண்டல்தான். 'மிஸ், கணக்குப் பரீட்சைன்னா வயித்தைக் கலக்குது, இதுவும் மனநலமா?'

இன்றைக்குத்தான் நிஜமான சீட்டு ஒன்று வந்தது.

'மிஸ், காரணமே இல்லாம அழுகையா வருது. தூக்கம் வர்றதில்ல. ஒரு அண்ணா, ஒரு மாத்திரை தரேன், போட்டா எல்லாம் மறந்துரும்னு சொல்றாங்க. இன்னும் வாங்கல. வாங்கலாமா?'

பதறிப்போய்த் தலைமையாசிரியர் கோவிந்தராஜுலுவிடம் காட்டினாள். அவர் அதைவிடப் பதறிப்போய்ப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போன் போட்டார். தையல்கடை வைத்திருக்கும் தலைவி ஜெயக்கொடியும், உறுப்பினர் மயில்சாமியும் ஓடிவந்தார்கள். இருவருமே அந்த வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்கள்.

சீட்டைப் படித்ததும் மயில்சாமி குதித்தார்.

"எல்லாப் புள்ளைகளோட நோட்டையும் கொண்டாரச் சொல்லுங்க சார். எழுத்தை வெச்சுப் பாத்து, அந்தக் கழுதையைக் கண்டுபுடிச்சு இன்னிக்கே டி.சி. குடுங்க. அதோட சேந்து நம்ம புள்ளைகளும் கெட்டுப்போகோணுமாக்கும்?"

"சார், பேரு தேட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்..." என்ற யாஸ்மினின் குரல் யார் காதிலும் ஏறவில்லை.

நோட்டுக் கட்டு வந்தது. "தலைவரம்மா, நீங்களும் ஒருக்கா பாத்துக்கங்க" என்று மயில்சாமி சீட்டை ஜெயக்கொடியிடம் நீட்டினார். அப்போதுதான் அவர் அதை முழுங்கியது.

"இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்று மேசையைத் தட்டினார் மயில்சாமி. "உங்க பையன் எழுத்து! அதான் முழுங்கிப்போட்டீங்க!"

ஜெயக்கொடி சிரித்தார். "அப்படியே வெச்சுக்கங்கண்ணா."

"பாத்தீங்களா சார், ஒத்துக்கிட்டாங்க! குடுங்க டி.சி.யை!"

கோவிந்தராஜுலு கண்ணாடியைக் கழற்றினார். "சீட்டே இல்லாம எதை வெச்சுங்க குடுக்கறது? இவங்க வயித்தை எக்ஸ்ரே எடுக்கறதா?"

"அப்ப இவங்க தலைவரா இருக்கப்படாது. இந்த வகுப்பும் வேண்டாம். சும்மா இருக்கற புள்ளைகளுக்குப் போதையைச் சொல்லித் தர்றதே இதுதானுங்க."

ஜெயக்கொடியின் சிரிப்பு நின்றது.

"தலைவர் பதவியை நாளைக்கே எழுதிக் குடுத்தர்றேனுங்க சார். வகுப்பை மட்டும் நிறுத்தாதீங்க."

"வகுப்பு நடக்குமுங்க" என்றார் கோவிந்தராஜுலு. மயில்சாமி விடுவதாயில்லை. அவர் இன்னும் கத்திக்கொண்டிருக்கும்போதே ஜெயக்கொடி கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

யாஸ்மின் பின்னாலேயே ஓடி, ஸ்கூட்டர் பக்கத்தில் மறித்துக்கொண்டாள்.

"பெத்த பாசம் புரியுதுங்கக்கா. ஆனா ஒரு பிள்ளை இப்பத்தான் மொத மொதல்ல வாயைத் திறந்துச்சு. அதையே தின்னுட்டீங்களே! உங்க பையன்கிட்ட நான் உடனே பேசணும்."

"வின்ஸ்டன்கிட்டயா? பேசுங்க அம்மணி, நாள் பூரா பேசுவான். ஆனா அதை அவன் எழுதலீங்க."

யாஸ்மின் விழித்தாள். "அப்புறம் ஏன் பழியை ஏத்துக்கிட்டீங்க? பையன் பேரு கெடாதா?"

"கெடுமுங்க, நாலு நாளைக்கு. ஊட்டுக்குப் போனதும் அவனை உக்கார வெச்சு விஷயத்தைச் சொல்லிருவேன். 'காகிதத்தையா தின்னே'ன்னு விழுந்து விழுந்து சிரிப்பான். அவனுக்கு உக்காந்து பேச நானிருக்கேன். அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கறா?"

"யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாமயா? பள்ளிக்கூடம் விட்டா நேரா நம்ம கடைக்குத்தான் வரும். அளவு நோட்டுல எழுதறது பூராவும் அதுதான். எம்பக்கத்துலயே உக்காந்து பொத்தான் கட்டுதுங்க, நாலு மாசமா. நானும் லொடலொடன்னு பேசிட்டே இருந்துபோட்டேன். அது பேசறதுக்கு எடமே குடுக்கலீங்க."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

"ஏறுங்க அம்மணி. இந்நேரம் கடைக்கு வந்திருக்கும். அது கேட்ட கேள்விக்கு நீங்க பதில் சொல்லுங்க. நான் இன்னிக்கு வாயைத் திறக்கவே மாட்டேன்."

யாஸ்மின் ஏறி உட்கார்ந்தாள். "அந்தச் சீட்டை நான் சார்கிட்டக் காட்டியிருக்கவே கூடாது, இல்லீங்களாக்கா?"

"ஆமாங்க, கூடாதுங்க. அடுத்த வாரம் காட்டாதீங்க."

"பிள்ளை யாருங்கக்கா?"

ஜெயக்கொடி தலைமையாசிரியர் அறையைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே மயில்சாமியின் சத்தம் இன்னும் ஓயவில்லை.

"மயில்சாமியண்ணன்கிட்டயும் ஒரு நாளைக்கு நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லோணுமுங்க. அத்தன நேரம் கையில வெச்சிருந்தாரு, சொந்த மக எழுத்துன்னு அவருக்குத் தெரியலீங்க."