பெட்டியைக் கட்டிய கயிறு

செண்பகத்தின் பெட்டிக்குப் புதிதாக ஒரு பூட்டு வந்தது. ஒரு கொக்கி, ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறு சிரித்தது.

"உனக்கு முன்னாடி வந்த நம்பர் பூட்டெல்லாம் வாயைப் பிளந்துடுச்சு. அவ நம்புறது என்னைத்தான்."

"எனக்குக் கவ்வ மட்டும்தான் தெரியும் அண்ணே," என்றது பூட்டு.

ரயிலில் மேல் பெர்த்திலிருந்து பெட்டி விழுந்தது. கயிற்றின் முடிச்சு அவிழ்ந்துபோனது. பூட்டு விடவில்லை. ஒரு கைக்குட்டைகூட வெளியே வரவில்லை.

இனி நமக்குக் குப்பைத்தொட்டிதான் என்று கயிறு நடுங்கியது.

விடுதி அறைக்குப் போனதும் செண்பகம் அதை இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, ஈரத் தாவணியை விரித்தாள். காற்று வந்தது. கயிறு முதல்முறையாக ஊஞ்சலாடியது.

கட்டிலடியில் இருந்த பூட்டைப் பார்த்துக் கத்தியது: "இறுக்கிப் பிடிச்சுக்கோ தம்பி! என்னை மறுபடி அங்கே வரவெச்சிடாதே!"